நடந்து சேரும் இடங்கள்

ஆசியாவை முதுகுப்பையோடு சுற்றுகிறவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, எங்கெங்கே போகலாம் என்றுதான். எந்த வழியாகப் போகலாம் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. ஜாவாவில் போரோபுதூரைக் கட்டியவர்களும் கம்போடியாவில் அங்கோர் வாட்டை எழுப்பியவர்களும், ஒரு மனிதன் எந்தத் திசையிலிருந்து வருவான், எந்தக் கை சுவரோரம் இருக்க நடப்பான், எங்கே நின்று நிமிர்ந்து பார்ப்பான் என்றெல்லாம் யோசித்தே கல்லை அடுக்கியிருக்கிறார்கள். மலைகளை யாரும் கட்டவில்லை. ஆனாலும் ஒரு கணவாயை ஏறிக் கடந்தவன் காணும் பள்ளத்தாக்கும், விமானத்தில் வந்து இறங்கியவன் காணும் பள்ளத்தாக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சேரும் வழியை நல்லபடியாக அமைத்துக்கொள்வதுதான் இந்தப் பயணத்தின் கலை. பை, பணம், படுக்கை எல்லாம் அதற்குத் துணை நிற்பவை.

பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 40 லிட்டர் கொள்ளளவு போதும். தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது நான் விடாமல் பிடித்திருக்கும் கணக்கு. முதுகு நோகும் என்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 15 கிலோவைச் சுமந்துகொண்டு பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர் உடனே வண்டி தேடுவார். முதலில் கண்ணில் படும் விடுதியில் அறை எடுப்பார். 8 கிலோக்காரருக்கு, ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நடக்கலாம் என்று தோன்றும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சந்தை எந்தப் பக்கம், காலைச் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்கள் எங்கே உட்காருகிறார்கள், ஆற்றங்கரைக்கு எந்தச் சந்து போகிறது என்பதெல்லாம் தெரியவரும். கனமான பொருள்கள் முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைகளின் உயரத்தில் வரும்படி அடுக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். சுமை இறங்க வேண்டியது அங்கே. தோள்வார் பையை முதுகோடு சேர்த்துப் பிடித்திருந்தால் போதும்.

மலைக்கான குளிர் உடுப்பையும் உறக்கப்பையையும் ஊரிலிருந்து சுமந்து போக வேண்டியதில்லை. காத்மாண்டுவின் தமேலிலும் பொக்ராவிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு லுங்கியை நான் எந்தப் பயணத்திலும் விட்டுப் போனதில்லை. பொது அறைக் கட்டிலில் திரை, ஆற்றில் குளிக்க உடை, இரவு ரயிலில் போர்வை, ஜாவாவிலோ லாவோஸிலோ கோயில் வாசலில் முழங்கால் மறைக்க மேலுடுப்பு என்று எல்லாவற்றுக்கும் அது ஆகிறது. நனைந்தால் வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

ஜாவாவின் யோக்யகர்த்தாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது போரோபுதூர். பெரும்பாலோர் காரில் வந்து வாகன நிறுத்தத்தில் இறங்கி நேராக அந்தக் கல்மலையின் அடிக்குப் போகிறார்கள். நான் எப்போதும் மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே, மெண்டுட் கோயிலடியில் இறங்கிக்கொள்வேன். மெண்டுட், பவோன், போரோபுதூர் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. மெண்டுட்டின் இருண்ட கருவறையில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரப் புத்தர் கால்களைத் தொங்கவிட்டு, நாற்காலியில் இருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். பத்மாசனத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இருப்பு ஒரு புதுமை. அங்கிருந்து புரோகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து, வீடுகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் சிறிய பவோன் கோயிலைத் தாண்டி, மேற்கே நடந்தால் போரோபுதூர். வைசாகப் பௌர்ணமி அன்று இந்தோனேசிய பௌத்தர்கள் மெண்டுட்டிலிருந்து இதே வழியில்தான் ஊர்வலமாகப் போகிறார்கள். மற்ற நாள்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிளில் புல்கட்டு கொண்டு போகிறவர்களும்தான் வழித்துணை.

8, 9ஆம் நூற்றாண்டுகளில் சைலேந்திர மன்னர்களின் காலத்தில் எழுந்த போரோபுதூருக்குள் நுழைய அறை கிடையாது. அது ஏறிச் சுற்றுவதற்கென்றே ஆனது. கிழக்குப் படிக்கட்டில் தொடங்கி வலம் வர வேண்டும். நான்கு நடைக்கூடங்களிலும் இரு புறமும் சுவர், இரு சுவரிலும் சிற்பம். கட்டடம் முழுவதிலும் மொத்தம் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். கூடங்களில் இருப்பவற்றை வரிசை பிசகாமல் பார்க்க வேண்டுமென்றால் முதல் நடைக்கூடத்தை நான்கு முறையும் மற்ற மூன்றையும் இரண்டிரண்டு முறையும், ஆகப் பத்து முறை சுற்ற வேண்டும். அந்த நடை மட்டுமே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் வரும். நடைக்கூடம் நேராகப் போவதில்லை. சில அடிகளுக்கு ஒருமுறை முறித்துத் திரும்புகிறது. எந்த இடத்தில் நின்றாலும் அடுத்த சில பலகைகள்தான் கண்ணில் படும். வெளியே வயலும் தெரியாது, மேலே சிகரமும் தெரியாது. தலைக்கு மேல் வானம் மட்டும்.

அந்தச் சுவர்களில் எனக்கு மிகப் பிடித்தது சுதனனின் கதை. கண்டவியூக சூத்திரத்தில் வருகிற வணிகர் வீட்டுப் பிள்ளை அவன். ஞானம் தேடி ஓர் ஆசானிடம் போகிறான். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மேலே தெரிந்துகொள்ள இன்னாரிடம் போ என்று அடுத்த ஊருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து அடுத்தவர், அடுத்த ஊர். துறவி, வணிகர், பெண்கள், சிறுவர் என ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் போகிறான். இரண்டாவது நடைக்கூடத்தில் தொடங்கும் இந்த நடை நான்காவது வரைக்கும், 460 பலகைகளில் நீள்கிறது. பலகைக்குப் பலகை அவன் வந்து சேருகிறான், கைகூப்புகிறான், கேட்கிறான், கிளம்புகிறான். சிற்பத்தைப் பார்க்கிற நாமும் அவன் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கிறோம். அவனுடைய ஆசான்களில் மேகன் என்பவர் திராவிட நாட்டுப் பட்டினம் ஒன்றில் வாழ்ந்ததாக அந்தச் சூத்திரம் சொல்கிறது. நம் பக்கத்து ஊர் ஒன்றைத் தேடி வந்த ஒருவனுடைய பயணத்தை ஜாவாவின் எரிமலைக் கல்லில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். எத்தனை தடவை போனாலும் அது மாறவில்லை.

நான்காவது கூடத்தைத் தாண்டி வட்ட மேடைக்கு ஏறினதும் சுவர் முடிந்துவிடுகிறது. சிற்பமும் இல்லை. துளையிட்ட மணிவடிவத் தூபிகள் 32, 24, 16 என்று மூன்று வட்டங்களில் 72. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர். தெற்கே மெனோரே மலைத்தொடர், கிழக்குப் பக்கம் மெராபி எரிமலை, சுற்றிலும் தென்னையும் நெல்லும். இத்தனை நேரம் கண்ணுக்கு முன் ஒரு முழம் தூரத்திலேயே இருந்த உலகம் ஒரே அடியில் விரிந்துவிடும். நடைக்கூடத்தைச் சுற்றாமல் நடுப்படியில் நேராக ஏறி வந்தால் மேலே கிடைப்பது நல்ல காட்சிமேடை ஒன்று, அவ்வளவே. கட்டியவர்களின் எண்ணம் கைக்கு வராது.

இன்று அங்கே மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்புக்குள்தான் அனுமதி. தேய்மானத்தைக் குறைக்க, கோரைபோலப் பின்னிய உபானத் என்ற செருப்பைக் கொடுத்து, வழிகாட்டியோடு குழுவாக, நேரம் வகுத்து அனுப்புகிறார்கள். 1973 முதல் 1983 வரை யுனெஸ்கோவின் துணையோடு கல்லைக் கல்லாகப் பிரித்து மறுபடி அடுக்கிக் காப்பாற்றிய இடம். இந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பத்துச் சுற்றுக்கு நேரம் கிடைக்காது. அதனால் நான் செய்வது இது: காலையின் முதல் குழுவில் இடம் பிடித்து, எல்லாக் கூடங்களையும் ஓடிப் பார்க்காமல், சுதனன் இருக்கும் கூடங்களையே காட்டும்படி வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். இறங்கியதும் கீழே அடித்தளத்தின் தென்கிழக்கு மூலைக்குப் போவேன். கட்டடம் சரியாமலிருக்க அந்தக் காலத்திலேயே கற்களால் மூடப்பட்ட ஒரு சிற்ப வரிசை அடியில் இருக்கிறது. 1885இல்தான் அது தெரியவந்தது. கர்ம வினைகளைச் சொல்லும் 160 பலகைகள். காசியன் செஃபாஸ் என்ற ஜாவானியப் புகைப்படக்காரர் 1890, 91இல் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். பிறகு மறுபடி மூடிவிட்டார்கள். தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகள் திறந்திருக்கின்றன. பக்கத்துக் கப்பல் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடக் கூடாது. முதல் கூடத்துச் சிற்பத்தில் உள்ள துணைமிதவைக் கப்பலைப் பார்த்துச் செய்த ஒரு மரக்கலம் 2003, 2004இல் ஜகார்த்தாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கானா வரை பாய் விரித்தே போயிருக்கிறது. அது அங்கே நிற்கிறது.

கம்போடியாவின் சியெம் ரீப்பில் நான் சைக்கிளை மட்டுமே நம்புவேன். ஊரிலிருந்து அங்கோர் வாட் ஆறு கிலோமீட்டர்தான், தரை சமதளம், மரநிழல் உண்டு. நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாள்களுக்குள் விரும்பிய மூன்று நாள்கள். நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனால் கண் தெளிவாக இருக்கும். தொடர்ந்து பார்த்தால் இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் எந்தக் கல்லும் மனத்தில் பதியாது.

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட் மேற்குப் பார்த்தது. சுமார் 190 மீட்டர் அகல அகழியைக் கடந்து மேற்கு வாயிலை நெருங்கும்போது, தூரத்தில் தெரிந்த சிகரங்களை வாயில் கோபுரம் மெல்ல மெல்ல மறைத்துவிடும். உள்ளே இருட்டில் நுழைந்து மறுபுறம் கால் வைக்கும் இடத்தில் கதவுச் சட்டத்துக்குள் நடுச்சிகரம் மறுபடி தோன்றும். பெரிய கோயில்களில் ராஜகோபுரம் தாண்டிப் பழகிய நமக்கு இந்த மறைத்துக் காட்டல் புரியாத ஒன்றில்லை. அங்கிருந்து 350 மீட்டர் நீளக் கல்பாதை. நடுவே நின்றால் மூன்று சிகரங்கள்தான். பாதையை விட்டு ஓரமாக இறங்கினால், பின்னால் ஒளிந்திருந்த இரண்டும் வெளியே வந்து ஐந்தாகும். விடியலில் எல்லோரும் வடக்குக் குளத்தங்கரையில் படமெடுக்கக் குவிவார்கள். நான் அந்த நேரத்தில் அங்கே நிற்பதில்லை. கிழக்குக் கூடத்தில் இளவெயில் விழும் வேளை அது. பாற்கடல் கடையும் சிற்பம், 49 மீட்டர் நீளத்துக்கு, அந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது. வாசுகியைப் பிடித்த அசுரர் ஒருபுறம், தேவர் மறுபுறம், நடுவில் திருமால், மத்துக்கு அடியில் ஆமை, மேலே ஆடும் அப்சரஸ்கள். இளவெயில் தூண்களுக்கு இடையே சாய்ந்து வரும்போது அந்தக் கைகள் எல்லாம் ஒரே மூச்சில் இழுப்பதுபோலத் தெரியும்.

போரோபுதூரில் வலமாகச் சுற்றினோம் அல்லவா? இங்கே இடமாக, அப்பிரதட்சணமாகச் சுற்ற வேண்டும். சிற்பங்களின் வரிசை அப்படித்தான் போகிறது. மேற்கு வாயிலின் தென்புறம் குருட்சேத்திரப் போர், தெற்கே சூரியவர்மனின் படை ஊர்வலமும் சொர்க்க நரகங்களும், கிழக்கே பாற்கடல், கடைசியில் மேற்கின் வடபுறம் இலங்கைப் போர். குரங்குகள் அரக்கர்களின் தேர்க்குதிரையைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சுவருக்கு முன் நமக்கு வழிகாட்டியே தேவையில்லை. மேற்குக் கூடங்களுக்கு மாலை வெயில்தான் ஏற்றது. ஆகவே காலையில் கிழக்கு, மதியம் ஊருக்குள் சாப்பாடும் தூக்கமும், மாலை மறுபடி மேற்கு என்று பிரித்துக்கொள்ளலாம். தா புரோம் கோயிலின் மரவேர்களையும் பயோன் கோயிலின் முகங்களையும் பற்றி எழுதாதவர் இல்லை. நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரேய் தூரமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சிவந்த மணற்கல்லில் மரத்தச்சன் செதுக்கியதுபோல அவ்வளவு நுணுக்கம். இராவணன் கயிலையை அசைக்கும் காட்சியில், மலைமேல் அஞ்சி ஒடுங்கும் முனிவர்களின் முகத்தைக்கூடப் படிக்கலாம்.

நடக்க முடியாத தூரத்துக்கு எந்த ஊர்தி என்பதும் வழியைத் தேர்வதில் சேர்ந்ததே. வியட்நாமில் ஹனோய்க்கும் சைகோனுக்கும் நடுவே 1,726 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. 1936இல் முழுமையாகி, போரில் சிதைந்து, 1976 கடைசியில் மறுபடி ஓடத் தொடங்கியது. முழுத் தூரமும் போக நேரமில்லாதவர் ஹுவேயிலிருந்து டா நாங் வரையாவது பகலில் ரயிலில் போக வேண்டும். தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல். ஹாய் வான் மலை கடலுக்குள் கால் நீட்டியிருக்கும் அந்தச் சரிவில் ரயில் வளைந்து வளைந்து ஊர்கிறது; கீழே ஆளற்ற மணல் வளைவுகள். பேருந்து 2005இல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து மறுபுறம் வந்துவிடும். லாவோஸில் 2021 டிசம்பரிலிருந்து வேகமான ரயில் ஓடுகிறது. அது அந்த நாட்டு மக்களுக்கு நல்ல காலம், சந்தேகமில்லை. லுவாங் பிரபாங்குக்கு மட்டும் நான் இன்னும் ஹுவாய் சாயிலிருந்து மேகோங்கில் மெதுபடகில்தான் போவேன். இரண்டு நாள் ஆறு, நடுவில் பாக் பெங்கில் இரவு. கரையில் எந்தப் பலகையும் இல்லாத இடத்தில் படகு மூக்கை மணலில் இடிக்கும். கோழிக்கூடையோடு ஒருவர் இறங்கிக் காட்டுக்குள் நடந்து மறைவார். அரிசி மூட்டை ஒன்று இறங்கும். அந்த ஊருக்கு ஆறுதான் சாலை என்பது அப்போது தெரியும். இரண்டு நாள் இப்படிப் பார்த்துவிட்டு லுவாங் பிரபாங்கின் படித்துறையில் ஏறும்போது, ஆற்றோடு வாழும் ஒரு நாட்டின் பழைய தலைநகரில் கால் வைக்கிறோம் என்பது சொல்லாமலே புரிந்திருக்கும்.

தஜிகிஸ்தானின் பாமிர் பக்கம் பொது வண்டி என்பது இருக்கை நிறைந்தால் கிளம்பும் கார். சந்தையோரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தேநீர் வரும், ரொட்டி வரும், எந்த நாடு என்ற கேள்வி வரும். படாக்‌ஷான் பகுதிக்குத் தனி அனுமதி தேவை. விசா எடுக்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. வாகான் பள்ளத்தாக்கில் பஞ்ச் ஆற்றின் இந்தக் கரை தஜிகிஸ்தான், அந்தக் கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் எதிர்க்கரைக் கழுதையின் மணிச்சத்தம்கூடக் கேட்கும். 7ஆம் நூற்றாண்டில் நம் காஞ்சி வரை வந்துபோன சீனத் துறவி சுவான்சாங் சீனாவுக்குத் திரும்பியது இந்த வாகான் வழியாகத்தான். 645இல் சாங்கான் போய்ச் சேர்ந்தார். பள்ளத்தாக்கின் நடுவே நின்று, இரு பக்கமும் பனிமலை நெருக்கும் அந்த ஒற்றை வழியைப் பார்த்தால், ஏட்டுச் சுமையும் குதிரைகளுமாக அவர் வேறெப்படியும் போயிருக்க முடியாது என்று நிலமே சொல்லும். யாம்சுன் கோட்டைக்கு ஊரிலிருந்து நடந்தே ஏறுங்கள். பாதையோர வாய்க்காலைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வழி காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து உப்பிட்ட பால் தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். மறுக்காதீர்கள்.

மலை என்றால் எனக்கு நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதை. மனாங் வரை இப்போது ஜீப் போகிறது, 3,540 மீட்டர். அங்கே ஒரே நாளில் ஜீப்பில் வந்து இறங்குவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது உயிர்காக்கும் விதி. இடைவிடாத தலைவலி, குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, தள்ளாடும் நடை எல்லாம் மலைநோயின் அறிகுறிகள். நடை தள்ளாடினால் விவாதமே கூடாது, இரவானாலும் கீழே இறங்க வேண்டும். இமயமலை மீட்புச் சங்கம் மனாங்கில் பருவ காலத்தில் மருத்துவ முகாம் நடத்துகிறது. மாலையில் அங்கே மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்காமல் மேலே ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். பகலில் மேலே ஏறி, இரவில் இறங்கிவந்து தூங்கி, மனாங்கில் உடம்பைப் பழக்கிக்கொண்டே போக வேண்டும். பருப்பும் சோறும், கேட்டால் மறுபடி சோறு. உயரத்தில் வயிற்றுக்கு அதைவிட நல்ல உணவு இல்லை.

வானிலையிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தருகே கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து இந்தச் சுற்றுப்பாதையின் தோரோங் கணவாயில் பெரும்பனியாகக் கொட்டியது. 40க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வங்கக்கடல் புயலுக்கும் இமயத்தின் நெற்றிக்கும் இருக்கும் உறவு கடலோரத்து மனிதர்களான நமக்குப் புரியும். அக்டோபரில் மலையேறும் யாரும், கிளம்பும் முன் வங்கக்கடலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடி வைக்க வேண்டும்.

அந்தத் தோரோங் கணவாய் 5,416 மீட்டர். பொழுது ஏற ஏறக் காற்று வலுக்கும் என்பதால் இருட்டிலேயே கிளம்புவார்கள். நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் முன்னே போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. வேகம் என்ற எண்ணமே அங்கே உதவாது; நிற்காமல் போகக்கூடிய மிக மெதுவான நடை எதுவோ அதுதான் சரியான நடை. மந்திரக் கொடிகள் படபடக்கும் உச்சியில் பத்து நிமிடம். பிறகு மறுபுறம் 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம், ஒரே நாளில். முழங்காலுக்கு அதுதான் உண்மையான சோதனை. கைத்தடி இரண்டு வேண்டும். ஏறிய பக்கத்து ஈரமும் பைன் மரங்களும் இங்கே இல்லை. மழை மறைந்த பக்கம் இது. காவியும் சாம்பலுமாய் வறண்ட மலைகள், எதிரே தௌலகிரி 8,167 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும். அந்த வறட்சியில் இறங்க இறங்கக் கீழே பச்சையாக ஒரு மரக்கூட்டம் தெரியும். அதுதான் முக்திநாத்.

நம் ஆழ்வார்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம். மூன்றடுக்குக் கூரைக் கோயில், அதைச் சுற்றி அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள். பனி உருகிய தண்ணீர். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம். பிக்குணிகள் இங்கே பணி செய்கிறார்கள். பக்கத்து ஜ்வாலா மாயி சன்னதியில் தண்ணீரின் ஓசைக்கு நடுவே இயற்கை வாயுவின் சுடர் எரிகிறது. மலையைத் தாண்டி நேபாளியும் சைகையுமாகவே பேசி வந்தவனுக்கு அங்கே சட்டென்று தமிழ் கேட்கும். திவ்யதேச யாத்திரை வந்த பெரியவர்கள், ஜோம்சோமுக்கு விமானத்தில் வந்து ஜீப்பில் ஏறியவர்கள். ஒரு முறை படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து, "தம்பி எந்தக் குரூப்ல வந்தீங்க?" என்றார்.

"குரூப் இல்லீங்க ஐயா. அந்த மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வர்றேன்."

அவர் மலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "அந்தக் காலத்துல எல்லாருமே நடந்துதானேப்பா வந்திருப்பாங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். ஜோம்சோம் 2,700 மீட்டர். முக்திநாத் அதைவிட ஆயிரம் மீட்டர் மேலே. ஜீப்பில் அத்தனை உயரம் ஒரே காலையில் ஏறினால் எந்த வயதிலும் மூச்சு திணறத்தான் செய்யும். யாத்திரை ஏற்பாட்டாளர்கள் ஓர் இரவையாவது ஜோம்சோமில் கழிக்க வைக்க வேண்டும் என்று நான் பார்க்கிற எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். முடிந்தால் காக்பேனியில். சாளக்கிராமக் கற்கள் பிறக்கும் காளி கண்டகி அந்த ஊரின் காலடியில் ஓடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் உயர்ந்து மலையானபோது உடன் வந்த கடலுயிர்ச் சுருள்கள்தான் அந்தக் கருங்கற்களுக்குள் இருப்பவை.

காக்பேனியிலிருந்து ஜோம்சோம் வரையான ஆற்றுப்படுகை நடையை யாரும் ஜீப்பில் கழித்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். அன்னபூர்ணாவுக்கும் தௌலகிரிக்கும் நடுவே ஆறு அறுத்த அந்தப் பிளவில் முற்பகல் தாண்டியதும் தெற்கிலிருந்து காற்று எழும். மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஜோம்சோமில் விமானங்கள் காலையில் மட்டும் ஏறி இறங்குவதும் இதனால்தான். நாம் நடப்பதோ காற்றுக்கு எதிர்த்திசையில். ஆறரை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். காலைச் சாப்பாட்டை முந்தின இரவே சொல்லி வைத்து, பக்வீட் ரொட்டியைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். படுகையில் நீர்க்கால்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓரப் பாதையை விட்டு நடுவே இறங்குமுன் ஊர்க்காரர் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். குனிந்து குனிந்து கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாலும், ஒன்பதரை, பத்துக்குள் ஜோம்சோம் வந்துவிடும்.